ஆள் கணக்கோடு வீட்டுக் கணக்கையும் பாருங்கள்: இங்கிலாந்து கிராமங்களின் பழைய சென்சஸ் தளங்கள் பற்றி

இங்கிலாந்தில் ஏதோ ஒரு சின்ன கிராமத்தில் நூற்றைம்பது, இருநூறு வருஷத்துக்கு முன்னால் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை வீடு இருந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் நேராகச் சந்தா கட்டும் வம்சாவளித் தளங்களுக்குத்தான் போகிறார்கள். முதல் நாளே பணம் கட்ட வேண்டிய அவசியமே இல்லை. முதலில் போக வேண்டிய இடம் 'எ விஷன் ஆஃப் பிரிட்டன் த்ரூ டைம்' என்ற தளம். போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் உருவானது, இலவசம். அதைப் பற்றித்தான் முக்கியமாக எழுதப் போகிறேன், ஆனால் அது மட்டும் போதாது என்பதால் அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய மற்ற சேவைகளையும் சேர்த்தே சொல்கிறேன். ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் நாலரை கொடுப்பேன். அந்த அரை ஏன் குறைகிறது என்பது போகப் போகத் தெரியும்.

தளத்தில் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால் இரண்டு வகைப் பக்கங்கள் உண்டு. ஒன்று ஊரைப் பற்றிய பக்கம்: பழைய வரைபடங்கள், பழைய ஊர் விவர அகராதிகளில் அந்த ஊரைப் பற்றி இருந்த குறிப்பு, அந்தப் பக்கமாகப் பயணம் போன வில்லியம் காபெட், டேனியல் டீஃபோ, சீலியா ஃபைன்ஸ் போன்றவர்கள் எழுதி வைத்தது எல்லாம் அங்கே இருக்கும். இன்னொன்று நிர்வாக அலகின் பக்கம், அதாவது அந்த ஊர் பாரிஷாக (ஒரு தேவாலயத்தைச் சுற்றி அமைந்த சிறிய நிர்வாகப் பகுதி), மாவட்டமாக, பல பாரிஷ்கள் சேர்ந்த ஏழைகள் நிவாரண யூனியனாக எதெதற்குள் இருந்ததோ அது ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பக்கம். சென்சஸ் எண்கள் எல்லாம் இந்த இரண்டாவது வகையில்தான் இருக்கின்றன. புதிதாக வருகிறவர்கள் ஊர்ப் பக்கத்திலேயே நின்றுவிட்டு 'நாலு வரி வர்ணனைதானே இருக்கிறது' என்று திரும்பிப் போய்விடுகிறார்கள், அது வீண். பாரிஷ் அலகின் பக்கத்துக்குள் போய் மக்கள்தொகை என்ற தலைப்பைத் திறந்தால் பத்து வருஷத்துக்கு ஒரு எண்ணாக வரைபடமும் அட்டவணையும் வரும். வீடுகள் என்ற தலைப்பைத் திறந்தால் அதே மாதிரி வீட்டு எண்ணிக்கை. 1881-ல் யார் என்ன வேலை செய்தார்கள் என்பதும் பல பாரிஷ்களுக்குப் பிரிவு பிரிவாக இருக்கிறது.

நான் சொல்ல வருவது அந்த வீட்டு அட்டவணையைப் பற்றித்தான். யாரும் அதைப் பார்ப்பதில்லை! 'எங்கள் கிராமத்தில் 1851-ல் இத்தனை பேர் இருந்தார்கள்' என்று ஒரே ஒரு எண்ணை எடுத்து எழுதிவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். பழைய சென்சஸை நடத்தியவர்களே அப்படி நினைக்கவில்லை. 1801 மார்ச் 10-ம் தேதி இங்கிலாந்தில் முதல் முதலாகக் கணக்கெடுத்தபோது கேட்கப்பட்ட முதல் கேள்வியே வீடு பற்றியதுதான்: உங்கள் பாரிஷில் ஆள் குடியிருக்கும் வீடு எத்தனை, அதில் எத்தனைக் குடும்பம் இருக்கிறது, காலியாகக் கிடக்கும் வீடு எத்தனை. ஆண் எத்தனை பெண் எத்தனை என்பது அதற்கு அடுத்துதான் வருகிறது. 1811-லிருந்து கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளையும் தனியாக எண்ண ஆரம்பித்தார்கள். முதல் நான்கு சென்சஸையும் முன்னின்று நடத்திய ஜான் ரிக்மன் இந்த விவரங்களைப் பெரும்பாலும் ஒவ்வொரு பாரிஷிலும் ஏழைகளுக்கு நிவாரணம் கொடுக்கும் பொறுப்பில் இருந்தவர்கள் வழியாகத்தான் வாங்கினார். ஞானஸ்நானம், அடக்கம், கல்யாணம் பற்றிய கணக்கு மட்டும் பாதிரியார்களிடமிருந்து வந்தது.

இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து வகுத்துப் பாருங்கள். நாடு முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் 1801-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 89 லட்சம் பேர், குடியிருக்கும் வீடு 15.7 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல், ஆக வீட்டுக்கு ஐந்தரை பேருக்குச் சற்று அதிகம். 1851-ல் ஒரு கோடியே 79 லட்சம் பேர், கிட்டத்தட்ட 32.8 லட்சம் வீடுகள், அப்போதும் வீட்டுக்கு ஐந்தரை பேர்தான். ஜனத்தொகை ஐம்பது வருஷத்தில் இரண்டு மடங்காகியிருக்கிறது, ஆனால் ஒரு வீட்டில் இருக்கும் ஆள் எண்ணிக்கை பெரிதாக அசையவில்லை. இந்த ஐந்தரையை மனதில் வைத்துக்கொண்டு உங்களுக்குப் பிடித்த பாரிஷின் அட்டவணைக்குப் போனால் கதை தானாக விரியும். ஆள் குறைகிறது, வீடும் குறைகிறது என்றால் ஊர் மெல்லக் கலைகிறது. ஆள் குறைந்தும் வீடு குறையவில்லை என்றால் இளைஞர்கள் வெளியே போகிறார்கள், பெரியவர்கள் அதே வீட்டில் இருக்கிறார்கள் என்று யோசிக்க இடம் இருக்கிறது. ஆள் கூடுகிறது, வீடு மட்டும் குறைகிறது என்றால்? அங்கேதான் நிற்க வேண்டும், ஏனென்றால் யாரோ வீட்டை இடித்திருக்கிறார்கள்.

இடித்திருக்கிறார்கள் என்பது என் ஊகம் இல்லை. அந்தக் காலச் சட்டப்படி ஒவ்வொரு பாரிஷும் தன் ஏழைகளைத் தானே காப்பாற்ற வேண்டும், அதற்கான வரி அந்தப் பாரிஷின் நிலம், வீடு மேல் விழும். ஒரு பாரிஷ் முழுக்க ஒரே நிலப்பிரபுவின் கையில் இருந்தால் அவருக்கு ஒரு சுலபமான வழி தெரிந்தது: கூலிக்காரர்களின் வீடுகளை விழ விடு, புதிதாகக் கட்டாதே. குடியிருக்க வீடே இல்லையென்றால் அங்கே நிவாரணம் கேட்க உரிமையுள்ள ஏழையும் சேர மாட்டான், வரியும் ஏறாது. ஆனால் வயலில் வேலைக்கு ஆள் வேண்டுமே? அவர்கள் பல மைல் தள்ளி, நிலம் பல பேர் கையில் சிதறிக் கிடக்கும் வேறொரு ஊரில், கிடைத்த இடத்தில் அவசரமாகக் கட்டி அதிக வாடகைக்கு விட்ட வீடுகளில் நெருக்கியடித்துக் குடியிருந்துகொண்டு தினமும் நடந்தே வந்து வேலை பார்த்துவிட்டு நடந்தே திரும்பினார்கள். முதல் வகை ஊரை மூடிய பாரிஷ் என்றும் இரண்டாவதைத் திறந்த பாரிஷ் என்றும் வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். 1864-ல் அரசு மருத்துவ அதிகாரி ஜான் சைமனுக்காக டாக்டர் ஹன்டர் என்பவர் கிராமப்புறக் கூலிகளின் வீடுகளை ஆராய்ந்தபோது 1851, 1861 சென்சஸ் எண்களை வைத்தே இதை நிரூபித்தார். 821 பாரிஷ்களில் ஜனத்தொகை ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடியிருக்க, அவர்கள் இருக்க வேண்டிய வீட்டு இடம் நாலரை சதவீதம் குறைந்திருந்தது. அடுத்த வருஷமே, 1865-ல், நிவாரணச் செலவைத் தனித்தனிப் பாரிஷ் மேல் போடாமல் பல பாரிஷ்கள் சேர்ந்த யூனியன் முழுவதும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது. வீட்டை இடித்தால் வரி மிச்சம் என்ற கணக்கு அதோடு போனது.

இதையெல்லாம் படித்துவிட்டு அந்தத் தளத்தில் அடுத்தடுத்த இரண்டு பாரிஷ்களைத் திறந்து வீட்டு எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் வீடு கூடிக்கொண்டே போகும், பக்கத்து ஊரில் அப்படியே நிற்கும் அல்லது இறங்கும். நடுவில் இருப்பது ஒரு வேலி, ஒரு ஓடை, அவ்வளவுதான். அந்த வேலியின் இரண்டு பக்கமும் இருந்தவர்கள் வாழ்ந்த வாழ்க்கை வேறு. எந்த அரண்மனை வரலாற்றிலும் கிடைக்காத விஷயம் இது, எனக்கு அதைவிட முக்கியமாகவும் படுகிறது.

இன்னொரு உதாரணம், பலருக்கும் பெயர் தெரிந்த ஊர்: வில்ட்ஷயரில் சாலிஸ்பரி சமவெளிக்கு நடுவில் இருக்கும் இம்பர். 1943 டிசம்பருக்குள் ராணுவப் பயிற்சிக்காக ஊரையே காலி செய்யச் சொன்னார்கள், போனவர்கள் திரும்பிக் குடியேறவே முடியவில்லை, தேவாலயம் மட்டும் வருஷத்தில் சில நாள் திறக்கிறது. ராணுவம்தான் அந்த ஊரைக் காலி செய்தது என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மைதான், அங்கிருந்தவர்களுக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் சென்சஸைப் பாருங்கள்: 1851-ல் அங்கே சுமார் 440 பேர், 1931-ல் 152. அதாவது வெளியேற்ற உத்தரவு வருவதற்கு முன்பே மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட ஆட்கள் இல்லை. 1870களில் தானிய விலை விழுந்தது, அறுவடை இயந்திரங்கள் வந்தன, நகரத்திலும் ரயில்வேயிலும் கூலி நன்றாகக் கிடைத்தது, கடல் தாண்டிப் போனவர்களும் உண்டு. தெற்கு இங்கிலாந்தில் எத்தனையோ விவசாயப் பாரிஷ்கள் 1841-க்கும் 1861-க்கும் நடுவில் உச்சத்தைத் தொட்டுவிட்டுப் பிறகு இறங்கிக்கொண்டே போனதற்கு இதெல்லாம்தான் காரணம். ஒரு ஊரின் முடிவைப் பற்றி நாம் கேள்விப்பட்ட கதைக்குப் பின்னால் இன்னொரு நீண்ட கதை ஓடியிருக்கிறது, அதைக் காட்டுவது இந்த அட்டவணைதான்.

சரி, அரை மதிப்பெண் ஏன் குறைந்தது என்று சொல்கிறேன். பாரிஷ் என்பது அசையாத ஒன்று இல்லை. பழைய பாரிஷ், தேவாலயத்துக்கான பாரிஷ், நிர்வாகத்துக்கான பாரிஷ் என்று மூன்று ஒரே பெயரில் இருக்கலாம், மூன்றின் எல்லையும் வேறாக இருக்கலாம். 1866-ல்தான் தனியாக ஏழை வரி வசூலிக்கும் இடம் எதுவோ அதுவே நிர்வாகப் பாரிஷ் என்று சட்டம் வரையறுத்தது. அதற்கு முன் வடக்கு இங்கிலாந்தில் பாரிஷ்கள் ரொம்பப் பெரிசு. லங்காஷயரின் வாலி பாரிஷுக்குள் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட டவுன்ஷிப்புகள், அதாவது உட்பிரிவுகள், இருந்தன, அங்கே பாரிஷ் எண் என்று ஒன்றை எடுத்தால் அது கிராமத்தின் எண்ணே இல்லை. இது போக, ஒரு பாரிஷின் துண்டு நிலம் இன்னொரு பாரிஷுக்கு நடுவில் தனித்தீவாகக் கிடப்பது சகஜம். 1876-லும் 1882-லும் வந்த சட்டங்கள் அந்தத் துண்டுகளைச் சுற்றியிருந்த பாரிஷோடு சேர்த்தன. அதனால் 1881-க்கும் 1891-க்கும் நடுவில் ஒரு கிராமத்தில் திடீரென்று அறுபது பேர் குறைந்து பதினைந்து வீடு காணாமல் போனால் உடனே பஞ்சம், கொள்ளைநோய் என்று கதை கட்டிவிடாதீர்கள். கோடு நகர்ந்திருக்கலாம், ஆட்கள் அதே அடுப்படியில்தான் உட்கார்ந்திருப்பார்கள். தளத்தில் எல்லை மாற்ற விவரமும் கொடுக்கிறார்கள், ஆனால் அது எண்களோடு ஒரே திரையில் இல்லை, நாமாகத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். எண்ணுக்குப் பக்கத்திலேயே ஒரு எச்சரிக்கைக் குறி இருந்தால் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன்.

வீடு என்ற சொல்லுக்கும் இதே கவனம் வேண்டும். ஆரம்பகால சென்சஸ்களில் வீடு என்றால் என்ன என்று யாரும் சரியாக விளக்கவே இல்லை, எண்ணியவருக்குத் தோன்றியபடி எண்ணினார். 1851-ல்தான் வெளிச்சுவருக்கும் பொதுச்சுவருக்கும் உட்பட்ட இடம் முழுவதும் ஒரு வீடு என்று விளக்கம் கொடுத்தார்கள். ஒரு பழைய பண்ணை வீட்டை மூன்றாகத் தடுத்து மூன்று கூலிக் குடும்பத்துக்கு விட்டிருந்தால் 1831-ல் ஒருவர் அதை ஒன்று என்று எழுதியிருக்கலாம், இன்னொருவர் மூன்று என்று எழுதியிருக்கலாம். அதனால் 1851-க்கு முன்னால் ஐந்து, பத்து வீடு ஏறி இறங்குவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் முப்பது நாற்பது வருஷப் போக்கைப் பார்ப்பதுதான் நல்லது. தேதியும் முக்கியம். 1841 சென்சஸ் ஜூன் 6-ம் தேதி நடந்தது, வயல்வேலைக்கு ஊர் ஊராகப் போகிறவர்கள் களஞ்சியத்திலும் கூடாரத்திலும் தூங்கிய காலம் அது. அதற்கப்புறம் மார்ச் கடைசி அல்லது ஏப்ரல் ஆரம்பத்துக்கு மாற்றினார்கள். ஒரு கிராமத்தில் ஒரே ஒரு சென்சஸில் மட்டும் ஆள் எகிறி அடுத்ததில் இறங்கிவிட்டால் அந்த வருஷம் அங்கே ரயில் பாதை போட வந்தவர்கள் முகாம் போட்டிருந்தார்களா என்று பாருங்கள். அச்சிட்ட அசல் சென்சஸ் அறிக்கைகளின் அடிக்குறிப்புகளில் இப்படிப்பட்ட காரணங்களைப் பாரிஷ் வாரியாகச் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறார்கள், இத்தனை பேர் வெளிநாடு போனார்கள், இத்தனை குடிசை இடிக்கப்பட்டது என்று. அந்த அடிக்குறிப்புகளைத் தேடிப் படிப்பது வீண் போகாது.

ஊர்ப் பக்கத்தில் இருக்கும் அகராதிக் குறிப்புகளையும் விட்டுவிடாதீர்கள். 1870-72-ல் வந்த ஜான் மரியஸ் வில்சனின் ஊர் விவர அகராதி இந்தத் தளத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பாரிஷுக்கும் இத்தனை ஏக்கர், நிலத்தின் மதிப்பு இவ்வளவு, ஜனத்தொகை இவ்வளவு, வீடு இவ்வளவு என்று தந்தி மாதிரி சுருக்கி எழுதியிருப்பார்கள். பல இடங்களில் சொத்து பெரும்பாலும் ஒருவரிடமா, சிலரிடமா, நிறையப் பேரிடமா என்பதும் ஒரு வரியாக வரும். மேலே சொன்ன மூடிய பாரிஷ், திறந்த பாரிஷ் விஷயத்துக்கு இந்த ஒரு வரிதான் சாவி. வீட்டு அட்டவணையில் எண் இறங்குவதைப் பார்த்துவிட்டு இங்கே வந்து நிலம் யார் கையில் என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

இந்தத் தளத்தில் கிடைக்காதது மனிதர்களின் பெயர். அதற்கு வேறு இடம் போக வேண்டும். 1801-லிருந்து 1831 வரை மேலிடத்துக்கு எண்களை மட்டும் அனுப்பினால் போதும் என்பதால் பெயர்ப் பட்டியல் பொதுவாக இல்லை. தன் வசதிக்காகப் பெயர் எழுதி வைத்துக்கொண்ட சில பாரிஷ்களின் தாள்கள் மட்டும் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் தப்பிப் பிழைத்திருக்கின்றன. 1841-லிருந்துதான் வீடு வீடாகப் பெயரோடு கிடைக்கிறது. இலவசமாகப் பார்க்க இரண்டு வழிகள் எனக்குப் பிடித்தவை. ஃபிரீசென் என்பது தன்னார்வலர்கள் கையெழுத்துப் பிரதியைப் படித்து எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து போட்டது. எல்லா மாவட்டமும் இல்லை, ஆனால் கார்ன்வால் மாதிரி சில மாவட்டங்களுக்கு அருமையாக இருக்கிறது, அங்கே தேடுகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். இன்னொன்று ஃபேமிலிசர்ச் என்ற தளத்தில் இருக்கும் 1881 சென்சஸ், அது நாடு முழுவதற்கும் குடும்ப வரலாற்றுச் சங்கங்களின் தன்னார்வலர்கள் எழுதிக் கொடுத்தது. இந்த இரண்டு வேலையையும் கூலி வாங்காமல் செய்தவர்களுக்கு என் நன்றியை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் தட்டச்சு செய்ததைப் படிப்பதோடு நிற்காமல் அசல் பக்கத்தின் படத்தை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும். 1891-ல் ஒரு கிராமத்துப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். தலைப்பில் எந்த நிர்வாகப் பாரிஷ், எந்தத் தேவாலயப் பாரிஷ், எந்தக் குக்கிராமம் என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்கும். இடது பக்கம் வரிசை எண், பிறகு தெரு அல்லது வீட்டுப் பெயர். கிராமத்தில் கதவு எண் எங்கே இருக்கும்? பண்ணையின் பெயர், சாராயக் கடையின் பெயர், இல்லையென்றால் வெறும் 'குடிசை'. அடுத்து குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு கோடு, காலி வீட்டுக்கோ கட்டும் வீட்டுக்கோ வேறு பத்தி. அதற்கடுத்து ஒரு ஒடுக்கமான பத்தி, ஐந்துக்குக் குறைவான அறை இருந்தால் எத்தனை அறை என்று. இந்தப் பத்தி 1891-ல்தான் முதல் முறை வந்தது. அதில் 2 என்று போட்டுவிட்டு அந்த வீட்டுக்கு நேராக அப்பா, அம்மா, ஆறு பிள்ளைகள், ஒரு தாத்தா என்று ஒன்பது பெயர் இறங்கிக்கொண்டே போவதைப் பார்க்கும்போது சராசரி ஐந்தரை என்ற எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று நெஞ்சில் உறைக்கும். அறைக்கு இரண்டு பேருக்கு மேல் இருந்தால் நெரிசல் என்பது அன்றைக்கு அரசாங்கமே வைத்த அளவு. பக்கத்தின் அடியில் வீடு எத்தனை, ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று கூட்டி எழுதியிருக்கும். அந்தக் கூட்டல்கள்தான் மேலே போய்ச் சேர்ந்து நாம் முதலில் பார்த்த அட்டவணையில் பாரிஷின் ஒற்றை எண்ணாக உட்கார்ந்தன.

ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், 1901 வரை நாம் பார்ப்பது அந்த வீட்டுக்காரர் எழுதியது இல்லை. படிவத்தை வாங்கிக்கொண்டு போன கணக்கெடுப்பாளர் தன் புத்தகத்தில் பார்த்து எழுதிய பிரதி. கிராமங்களில் அந்த வேலையைச் செய்தவர் பள்ளி ஆசிரியராகவோ விவசாயியாகவோ இருப்பார், 1891-லிருந்து பெண்களும் செய்யலாம் என்றானது. பேர் தப்பாகக் காதில் விழுந்திருக்கலாம், பிறந்த ஊரை அவர் நினைத்தபடி எழுதியிருக்கலாம். 1841-ல் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்கு இறக்கி எழுதச் சொன்னார்கள், 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார். குடும்பத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்பதும் அந்த வருஷம் கிடையாது, 1851-லிருந்துதான் உறவும் பிறந்த பாரிஷும் வருகின்றன. தொழில் பத்தியில் 'ஆக் லேப்' என்று சுருக்கி எழுதியது வரிசையாக வந்துகொண்டே இருக்கும், பண்ணைக் கூலி என்று பொருள். அவர் மனைவிக்கு நேரே பெரும்பாலும் காலியாக இருக்கும். அந்தப் பெண்கள் களை பிடுங்கினார்கள், கல் பொறுக்கினார்கள், அறுப்புக்குப் போனார்கள், கணக்கில் மட்டும் ஏறவில்லை. இந்தப் பத்தியை வைத்துக் 'கிராமத்துப் பெண்கள் வேலைக்குப் போகவில்லை' என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

இனி கட்டணத் தளங்கள். படங்களுக்காகக் கடைசியில் அங்கே போகத்தான் வேண்டியிருக்கும், அதை மறுக்கவில்லை. பெயரைச் சொல்ல விரும்பாத ஒரு தளத்தில் நான் சந்தா கட்டிப் பார்த்த அனுபவம் அவ்வளவு நன்றாக இல்லை. ஒரு பாரிஷில் பிறந்தவர்கள் என்று தேடினால் அதே பெயருள்ள வேறு மாவட்டத்துப் பாரிஷ் ஆட்களையும் சேர்த்துக் கொட்டியது, படத்தில் தெளிவாக இருக்கும் ஊர்ப் பெயரைப் பட்டியலில் வேறு என்னவோவாக எழுதியிருந்தார்கள், திருத்தம் அனுப்பினால் பதில் இல்லை, சந்தா மட்டும் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. அதைவிட எனக்குப் பெரிய குறை, அங்கே எல்லாமே ஆளை மையமாக வைத்துத்தான். இந்தத் தெருவில் எத்தனை வீடு காலி என்று கேட்கவே வழி இல்லை. காலி வீட்டுக்குப் பெயர் கிடையாது, அதனால் பெயர்ப் பட்டியலில் அது வராது. படத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினால்தான் தெரியும். கிராமத்துக்கு முப்பது நாற்பது பக்கம்தான் இருக்கும், ஒரு மாதச் சந்தா எடுத்து மொத்தப் பாரிஷையும் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை வரிசையாகப் படித்துவிட்டு ரத்து செய்துவிடுங்கள். தேடுபெட்டியை நம்பி உட்கார்ந்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

1911 தனி ரகம். அதில் வீட்டுக்காரர் தன் கைப்பட எழுதிய படிவமே இருக்கிறது, அறை எண்ணிக்கையும் எல்லா வீட்டுக்கும் உண்டு, சமையலறையை அறையாக எண்ண வேண்டும், குளியலறையையும் பாத்திரம் கழுவும் இடத்தையும் எண்ணக் கூடாது என்று படிவத்திலேயே சொல்லியிருப்பார்கள். கல்யாணமாகி எத்தனை வருஷம், பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர்கள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை என்ற கேள்வியும் அதில் உண்டு. எத்தனையோ தகப்பன்மார் இறந்த பிள்ளைகளின் பெயரையும் எழுதிவிட்டிருக்கிறார்கள், அதிகாரிகள் அதைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறார்கள். 1921 சென்சஸ் தொழிலாளர் போராட்டத்தால் ஏப்ரலிலிருந்து தள்ளிப்போய் ஜூன் 19-ல் நடந்தது. நூறு வருஷம் கழித்து 2022 ஜனவரியில் ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற கட்டணத் தளம் வழியாக வெளிவந்தபோது எழுத்துப் பிரதிக்கு 2.50 பவுண்டு, படத்துக்கு 3.50 பவுண்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனியாக வாங்கினார்கள். பின்னால் அது சந்தாவுக்குள் வந்தது. லண்டன் பக்கம் இருப்பவர்கள் கியூ என்ற இடத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போனால் கணினியில் காசு கொடுக்காமலே பார்க்கலாம்.

1931-ஐத் தேடி அலைய வேண்டாம். அந்த வருஷத்து இங்கிலாந்து, வேல்ஸ் வீட்டுப் படிவங்கள் 1942 டிசம்பரில் மிடில்செக்ஸின் ஹேய்ஸில் வைத்திருந்த இடத்தில் தீப்பிடித்து முழுக்க எரிந்துவிட்டன. போர் காரணமாக 1941-ல் சென்சஸே நடக்கவில்லை. ஆனால் 1931-ன் பாரிஷ் வாரியான எண்கள் தீக்கு முன்பே அச்சாகிவிட்டதால் தப்பின. இம்பரின் 152 அப்படித் தப்பிய எண்தான். பெயர்கள் போய்விட்டன, கணக்கு இருக்கிறது, அதற்காகவும் விஷன் ஆஃப் பிரிட்டனின் அந்த அட்டவணை எனக்கு மதிப்புள்ளதாக ஆகிறது. இடைவெளியை நிரப்ப 1939 செப்டம்பர் 29-ல் அடையாள அட்டைக்காக எடுத்த பதிவேடு இருக்கிறது, அது சென்சஸ் இல்லை, படைக்குப் போனவர்கள் அதில் இருக்க மாட்டார்கள்.

நிறைய எண்களை ஒரே நேரத்தில் அலச விரும்பும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கெவின் ஷூரரும் எட்வர்ட் ஹிக்ஸும் முன்னின்று உருவாக்கிய ஐ-செம் என்ற சென்சஸ் தரவுத் தொகுப்பு இருக்கிறது. 1851-லிருந்து 1911 வரைக்குமானது, இங்கிலாந்துக்கு 1871 மட்டும் இல்லை. என் மாதிரி ஒரு ஊரை மட்டும் பிடித்துக்கொண்டு பார்க்கிறவர்களுக்கு அது அதிகப்படி. மாவட்ட வாரியாக 1801-லிருந்து 1901 வரையான பாரிஷ் ஜனத்தொகை வேண்டுமென்றால் விக்டோரியா கவுன்ட்டி ஹிஸ்டரி என்ற மாவட்ட வரலாற்று நூல்வரிசையின் தொகுதிகளில் அட்டவணை போட்டிருக்கிறார்கள். எல்லை மாறியதற்கான குறிப்பும் அங்கே சேர்ந்தே வருவதால் மேலே நான் சொன்ன குறைக்கு இது நல்ல துணை.

ஆக நான் செய்யும் வரிசை இதுதான்: முதலில் விஷன் ஆஃப் பிரிட்டனில் பாரிஷ் அலகின் வீட்டு அட்டவணை, ஜனத்தொகை அட்டவணை இரண்டையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வகுத்துப் பார்ப்பது, எண் குதிக்கும் இடத்தில் எல்லை மாறியதா என்று சரிபார்ப்பது, வில்சனின் குறிப்பில் நிலம் யார் கையில் என்று பார்ப்பது, அப்புறம் 1881-ஐ இலவசமாகப் படிப்பது. இவ்வளவுக்கும் ஒரு காசு செலவில்லை. இதையெல்லாம் செய்த பிறகும் அந்தக் காலி வீடுகளில் முந்தைய சென்சஸில் யார் இருந்தார்கள் என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் ஒரு மாதச் சந்தா எடுங்கள், 1881-ல் காலி என்று குறித்த வீட்டுக்கு முன்னும் பின்னும் இருக்கும் வீடுகளின் பெயரை வைத்துக்கொண்டு 1871-ல் அதே வரிசையில் தேடுங்கள். கணக்கெடுப்பாளர் பெரும்பாலும் அதே பாதையில்தான் நடந்திருப்பார், அதனால் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் வாய்ப்பு உண்டு.